மலைநாட்டில் முயல் வளர்ப்பு: குட்டி விற்கவா, கறிக்கா? "யூனிட்" வாங்கலாமா?

கொட்டகலைத்தம்பி:
எல்லோருக்கும் வணக்கம். கொட்டகலைப் பக்கம் தோட்டத்தில் இருக்கிறோம். கொழும்பில் கடை வேலையை விட்டுவிட்டு வீட்டோடு வந்துவிட்டேன். லயத்து வரிசை வீட்டை விட்டு 7 பேர்ச் காணி வீட்டுக்கு மாறியதில் பின்பக்கம் கொஞ்சம் இடம் கிடைத்திருக்கிறது. மாடு வைக்க அது போதாது, கோழி விட்டால் பக்கத்து வீட்டு மரக்கறிப் பாத்தியைக் கிளறிச் சண்டை வரும், அதனால்தான் முயல் யோசனை. ஒரு இடத்தில் "யூனிட்" என்று தருகிறார்கள்: 10 பெண், 2 ஆண், கூடு, முதல் மாதத் தீன் எல்லாம் சேர்த்து ஒரே விலை. பிறக்கிற குட்டிகளை மூன்று மாதத்தில் அவர்களே கிலோ கணக்கில் திரும்ப எடுப்பார்களாம், ஒப்பந்தம் எழுதித் தருகிறார்களாம். அம்மா வேலையை விட்டு நின்றபோது வந்த ஈபிஎப் (சேமலாப நிதி) காசில் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது, அதைத்தான் போட நினைக்கிறேன். அம்மாவுக்கு விருப்பமில்லை. இந்தக் குளிருக்கு முயல் தாங்குமா, இதில் உண்மையிலேயே வருமானம் இருக்கிறதா, வளர்க்கிறவர்கள் சொல்லுங்கள்.

வெலிமடை_மாமா:
அம்மாவுக்கு விருப்பமில்லை என்றால் அம்மாவுக்கு விஷயம் விளங்கியிருக்கிறது.

குளிரை அப்புறம் பேசலாம், முதலில் அந்த யூனிட். முயலைத் திரும்ப எடுக்கிறவர் அதை எங்கே கொண்டு போகிறார் என்று கேட்டீர்களா? கறிக்கு என்றால் வெட்டுகிற இடம் இருக்க வேண்டும், அதற்குப் பிரதேச சபை அனுமதி இருக்க வேண்டும், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து பார்த்திருக்க வேண்டும், கறி வைக்கக் குளிர்ப்பெட்டி இருக்க வேண்டும், வாங்குகிற ஹோட்டலின் பெயர் ஒன்றாவது வாயில் வர வேண்டும். இதில் ஒன்றையும் காட்டாமல் "எங்களிடம் மார்க்கெட் இருக்கிறது" என்று மட்டும் சொன்னால், உங்கள் குட்டிதான் அடுத்த ஆளுக்கு விற்கப்போகிற யூனிட். புதிய ஆள் சேரும்வரை பழைய ஆளுக்குக் காசு வரும், ஆள் வரத்து நின்றவுடன் போன் எடுக்க மாட்டார்கள். "எடை காணாது, காதில் சொறி, தரமில்லை" என்று கழித்துவிட அந்த ஒப்பந்தத்திலேயே ஒரு வரி இருக்கும், தேடிப் பாருங்கள். எங்கள் பக்கம் இப்படி வாங்கிய கூடுகளில் இப்போது விறகு அடுக்கியிருக்கிறார்கள்.

கணக்கைப் பாருங்கள். 10 பெண், வருடத்துக்கு 4 ஈற்று, ஈற்றுக்கு 5 குட்டி பிழைக்கிறது என்று குறைத்தே வைத்தாலும் 200 குட்டி. வாரத்துக்கு நான்கு. உயிர் எடை 2 கிலோவில் கொடுத்தால் தோல், குடல், தலை எல்லாம் போக ஒன்றுக்கு ஒரு கிலோ கறிதான் தேறும். ஆக வாரம் நான்கு கிலோ கறி. ஒரு பெரிய ஹோட்டலுக்கு அது ஒரு நேரத்துக்குக் காணாது, ஆனால் உங்கள் டிவிஷனில் வாரா வாரம் நான்கு கிலோ முயல் கறி காசு கொடுத்து வாங்க எத்தனை வீடு இருக்கிறது? இதற்குப் பதில் கையில் வந்த பிறகு கூடு கட்டுங்கள். ஆரம்பத்துக்கு 3 பெண், 1 ஆண் தாராளம்.

கொட்டகலைத்தம்பி:
மாமா, கேட்டேன். கொழும்பில் ஒரு கம்பனி, அங்கிருந்து வெளிநாட்டுக்கு ஏற்றுமதி என்றார்கள். கம்பனி பெயர் கேட்டால் வியாபார ரகசியமாம்.

ஹட்டன்_மச்சான்:
முயல் பிடிக்கிற நாயை மூஞ்சியைப் பார்த்தால் தெரியும் என்பார்கள். இந்த மூஞ்சி முயல் பிடிக்கிற மூஞ்சி இல்லை, ஆள் பிடிக்கிற மூஞ்சி. இறைச்சி ஏற்றுமதி என்றால் அரசாங்க மிருக வைத்தியரின் சான்றிதழ் இல்லாமல் ஒரு பெட்டி நகராது. அதில் ரகசியம் என்ன இருக்கிறது?

ராகலை_அக்கா:
தம்பி, குளிருக்குப் பயப்பட வேண்டாம். முயலுக்கு எமன் வெயில்தான். 30 பாகைக்கு மேல் சில நாள் தொடர்ந்தாலே ஆண் முயலின் விந்து கெட்டுப் பெண் சினை பிடிக்காது, 35ஐத் தாண்டினால் மூச்சு வாங்கியே செத்துப்போகும். கீழே வளர்க்கிறவர்கள் கூரையில் தண்ணீர் தெளித்துக்கொண்டு படுகிற பாடு நமக்கு இல்லை, அந்த விதத்தில் நம் மலை முயலுக்குக் கொடுத்துவைத்த இடம். இங்கே கொல்வது ஈரமும் நேராக அடிக்கிற காற்றும். ஜூன் ஜூலையில் சாரல் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று உங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும், அந்தப் பக்கம் தகரமோ பழைய பேனர் சீட்டோ அடித்துவிடுங்கள். ஆனால் குளிர் என்று நாலு பக்கமும் சாக்குப் போட்டு மூடிவிடாதீர்கள். பாதிப்பேர் அதைத்தான் செய்கிறார்கள். மூத்திர நெடி உள்ளேயே நின்று மூக்கைப் புண்ணாக்கும், அப்புறம் தும்மல், வெள்ளையாகச் சளி. முன்னங்காலின் உள்பக்கம் மயிர் ஒட்டி விறைத்திருந்தால் அது மூக்கைத் துடைத்துத் துடைத்து வந்தது. அப்படி ஒரு முயலைப் பார்த்தால் மற்றதிலிருந்து உடனே பிரித்துவிட வேண்டும். கூட்டு மட்டத்துக்குக் குனிந்து மூச்சை இழுத்துப் பாருங்கள், உங்கள் கண் எரிந்தால் அதற்கும் எரிகிறது.

கூடு நிலத்திலிருந்து இரண்டரை, மூன்று அடி உயரத்தில் இருக்கட்டும். கீழே விழுகிற புழுக்கையை வாரி எடுக்க வசதியாக இருக்கும்.

குளிர் நிஜமாகத் தொடுவது பிறந்த குட்டியைத்தான். மயிரே இல்லாமல் சிவப்பாகப் பிறக்கும். ஆணோடு சேர்த்த 28ஆம் நாள் குட்டி போடுகிற பெட்டியைக் கூட்டுக்குள் வையுங்கள், ஒன்றரை அடி நீளம், ஒரு அடி அகலம், ஒரு அடி உயரம், முன்பக்கப் பலகை மட்டும் தாழ்வாக. அடியில் தச்சுப்பட்டறை மரச்சீவல், அதன் மேல் நன்றாகக் காய்ந்த மெல்லிய புல். மானாப்புல் போடுகிறவர்கள் இருக்கிறார்கள், அது முரடு, அடியில் மட்டும் போடலாம். தாய் தன் வயிற்று மயிரைப் பிடுங்கி மேலே மெத்தை போட்டுக்கொள்ளும். நல்ல தாய் என்றால் ஜனவரி, பெப்ரவரியில் கொழுந்தே கருகுகிற தரைப்பனியிலும் பெட்டிக்குள் கை வைத்தால் சூடாக இருக்கும். காலையில் எழுந்ததும் முதல் வேலை பெட்டியைப் பார்ப்பது. முலையைக் கவ்வியபடியே வெளியே இழுபட்டு வந்து வலை மேல் விறைத்துக் கிடக்கிற குட்டியை உடனே தூக்கி எறியாதீர்கள், உடம்போடு வைத்துச் சூடேற்றினால் பல தடவை அசையத் தொடங்கும், அசைந்த பிறகு மற்றக் குட்டிகளுக்கு நடுவில் விடுங்கள்.

புதியவர்கள் எல்லோரும் கேட்கிற இன்னொன்று: தாய் குட்டியோடு படுக்கவே இல்லை, பால் கொடுக்கவில்லை என்பது. முயல் நாளைக்கு ஒரு தடவை, மிஞ்சினால் இரண்டு தடவை, சில நிமிடம்தான் பால் கொடுக்கும். குட்டியின் வயிறு உருண்டு இருந்தால் வேலை முடிந்தது. சுருங்கிப்போய்க் கத்திக்கொண்டு இருந்தால்தான் கவலை.

நானுஓயா_லீக்ஸ்:
தீனுக்கு நம்மிடம் காசே வேண்டாமே! கரட் இலை, கோவா, லீக்ஸ், பீட்ரூட் இலை லொறி லொறியாகக் கொட்டுகிறார்கள். மரக்கறி மொத்தமாக விற்கிற கெப்பெட்டிப்பொல பொருளாதார மத்திய நிலையத்தில் போய் நின்றால் சாக்குக் கணக்கில் சும்மாவே கிடைக்கும். இதை வைத்து ஐம்பது முயல் வளர்க்கலாம் என்பது என் கணக்கு.

வெலிமடை_மாமா:
ஐம்பதைப் புதைக்கலாம். லீக்ஸ் வெங்காயக் குடும்பம், முயலுக்கு ஆகாது. உருளைக்கிழங்கு இலை, தக்காளி இலை நஞ்சு. கோவாவைத் தனியாக வயிறு நிறையப் போட்டால் ஊதிச் சாகும், அதுவும் மழையில் நனைந்த கோவா என்றால் கேட்கவே வேண்டாம். கரட் இலை, பீட்ரூட் இலை கொஞ்சம் கொஞ்சம் கொடுக்கலாம், அதையும் ஒரு இரவு விரித்து வாட வைத்துத்தான் கொடுக்க வேண்டும். எல்லாவற்றையும் விடப் பெரிய பிரச்சினை மருந்து. நம் மரக்கறிப் பாத்தியில் எத்தனை தரம் மருந்து அடிக்கிறார்கள் என்று நானுஓயாக்காரருக்கு நான் சொல்லத் தேவையில்லை. நாம் சாப்பிடுகிற கோவாவில் வெளி இலை நாலைக் கழித்துவிடுகிறோம், சந்தையில் கொட்டிக் கிடப்பது அந்தக் கழித்த இலைதான்!

தோட்டத்தில் இருக்கிறவர்களுக்கு இன்னொன்று. தேயிலை மலையில் களைகொல்லி அடித்த துண்டில் புல் அறுக்காதீர்கள். எந்த மலையில் எப்போது அடித்தார்கள் என்று கங்காணியிடம் கேட்டுவிட்டுப் போவது நல்லது. குவாத்தமாலா புல், கினிப்புல், முள்முருங்கை இலை, கிளிரிசிடியா எல்லாம் வேலி ஓரத்திலேயே இருக்கிறது. கிளிரிசிடியாவை முதலில் மோந்து பார்த்துவிட்டுப் போகும், வாட வைத்துக் கொஞ்சமாகப் பழக்கினால் சாப்பிடும். இப்பில் இப்பில் இலையை அளவோடு, அதிகமாகப் போனால் மயிர் கொட்டும்.

நானுஓயா_லீக்ஸ்:
சரி மாமா, பெயரை மாற்றிக்கொள்ளவா 😅 அப்படியானால் கோழித்தீன் போடலாமா? பக்கத்துக் கடையில் அதுதான் கிடைக்கிறது, முயல் தீன் வேண்டுமென்றால் நுவரெலியாவுக்கோ கண்டிக்கோ போக வேண்டும்.

பேராதனை_மாணவன்:
அண்ணே, பிரொய்லர் தீனைத் தயவுசெய்து வேண்டாம். கோழிக்கு இரத்தக் கழிச்சல் வராமல் இருக்க அந்தத் தீனில் சலினோமைசின், நராசின் மாதிரியான மருந்து கலந்திருக்கும். கோழி தாங்குகிற அளவு முயலின் தசையையும் இதயத்தையும் தாக்கும். நன்றாக இருந்த முயல் கால் இழுத்து விழுந்து செத்தது என்று கொண்டு வருவார்கள், விசாரித்தால் தீன் மாறியிருக்கும். மூட்டையின் லேபிளைப் படித்துவிட்டு வாங்குங்கள். அதோடு கோழித்தீனில் நார்ச்சத்து குறைவு. முயலின் குடல் ஓடுவதே நாரில்தான்.

வீட்டில் கலப்பதென்றால் சோளம், தவிடு, தேங்காய்ப் புண்ணாக்கு, சோயாப் புண்ணாக்கு, தாதுக் கலவை, உப்பு. புரதம் நூற்றுக்கு 16 முதல் 18 வருமாறு வைத்தால் போதும். பூஞ்சை பிடித்த புண்ணாக்கை விலை மலிவு என்று வாங்க வேண்டாம், நம் ஈரத்துக்கு மூட்டையை நிலத்தில் வைத்தாலே பூஞ்சை வரும், பலகை போட்டு வையுங்கள். வளர்ந்த முயலுக்கு நாளைக்கு 100 முதல் 150 கிராம், அதற்கு மேல் புல் எவ்வளவு தின்றாலும் சரி. பால் கொடுக்கிற தாய்க்குத் தீன் கட்டுப்பாடு வேண்டாம், தண்ணீரும் நாளைக்கு ஒரு லீற்றருக்கு மேல் குடிக்கும், குளிர்காலம் என்று தண்ணீர்ப் பாத்திரத்தைக் காயவிடுகிறவர்கள் நிறையப் பேர்.

நோய் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பால் மறந்த குட்டி ஒரு மாதத்திலிருந்து இரண்டரை மாதம்வரை வயிறு பெருத்து, கழிந்து, மெலிந்து சாகிறது என்றால் முதல் சந்தேகம் கொக்சிடியா என்கிற ஒட்டுண்ணி. ஈரத் தரையும் புழுக்கை கலந்த புல்லும்தான் காரணம், அதனால்தான் கம்பி வலைத் தளம், புல்லைத் தளத்தில் போடாமல் பக்கத்தில் தொங்கவிடுவது. ஈரலைத் தாக்குகிற வகை என்றால் செத்ததை வெட்டிப் பார்க்கும்போது ஈரலில் வெள்ளைப் புள்ளி இருக்கும். மருந்து இருக்கிறது, மிருக வைத்திய அலுவலகத்தில் அளவு கேட்டு வாங்குங்கள்.

காதுக்குள் பழுப்பு நிறத்தில் பொருக்கு, தலையை ஆட்டிக்கொண்டே இருப்பது, இது காதுச் சொறி. அதை நகத்தால் பிய்க்காதீர்கள். ஐவர்மெக்டின் ஊசி ஒன்று, இரண்டு வாரம் கழித்து இன்னொன்று. ஊசி போட்ட முயலை எத்தனை நாளைக்குக் கறிக்குக் கொடுக்கக்கூடாது என்று டொக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நாய்க்கு உண்ணி போக அடிக்கிற பிப்ரோனில் ஸ்பிரேயை முயலுக்கு அடித்தால் முயல் போய்விடும். அதே மாதிரி பார்மசியில் சுலபமாகக் கிடைக்கிற அமொக்சிசிலினை வாயால் கொடுத்தால் குடலில் உள்ள நல்ல கிருமி செத்து, கழிந்து, இரண்டு மூன்று நாளில் முயல் முடிந்துவிடும். பிள்ளைக்குக் கொடுத்த சிரப் மிச்சம் இருக்கிறது என்று முயலுக்கு ஊற்றுகிறவர்கள் இருப்பதால் சொல்கிறேன்.

பண்டாரவளை_வெள்ளை:
இங்கே எல்லோரும் குட்டி விற்கிறவனைத் திருடன் மாதிரிப் பேசுவதால் எழுதுகிறேன். நான் இனவிருத்திக்கு முயல் விற்கிறேன், கறி விலையைவிடக் கூடத்தான் விற்கிறேன், அதில் ஒளிவு மறைவு இல்லை. ஒவ்வொரு கூட்டிலும் ஒரு அட்டை தொங்கும்: தாய் யார், தகப்பன் யார், எப்போது சேர்த்தது, எத்தனை பிறந்தது, எத்தனை பால் மறந்தது, 12 வாரத்தில் என்ன எடை. அந்த அட்டைக்குத்தான் காசு. வெள்ளை மயிரும் சிவப்புக் கண்ணும் இருந்தால் எல்லாம் நியூசிலாந்து என்று சந்தையில் விற்கிறார்கள். நியூசிலாந்து வெள்ளை வளர்ந்தால் 4 முதல் 5 கிலோ நிற்க வேண்டும். தாயைத் தராசில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள், காட்ட மாட்டேன் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். கலிபோர்னியன் என்றால் உடல் வெள்ளை, காது, மூக்கு, கால், வால் கறுப்பு.

வருகிறவர்களில் முக்கால்வாசிப்பேர் "அண்ணே, ஒரே ஈற்றில் ஒரு ஜோடி தாங்க" என்றுதான் கேட்கிறார்கள். அண்ணனையும் தங்கையையும் சேர்த்தால் குட்டி எண்ணிக்கை குறையும், பல் கோணலாக வளர்ந்து தின்ன முடியாமல் போகிற குட்டி வரும். நான் தருவதில்லை. ஆணை வேறு இடத்தில் வாங்குங்கள் என்று வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்புகிற வியாபாரி நான்.

வாங்கும்போது மூக்கு காய்ந்திருக்கிறதா, முன்னங்கால் உள்பக்கம் சுத்தமா, காதுக்குள் பொருக்கு உண்டா, மேல்பல் கீழ்ப்பல்லின் முன்னால் நேராக உட்காருகிறதா, பின்னங்கால் அடிப்பாதம் புண் இல்லாமல் இருக்கிறதா, பின்பக்கம் கழிச்சல் ஒட்டியிருக்கிறதா, ஆண் என்றால் இரண்டு விதையும் இறங்கியிருக்கிறதா, இவ்வளவும் பார்க்க வேண்டும். சின்னக் குட்டியில் ஆண் பெண் மாற்றிச் சொல்லிவிடுவது எல்லோருக்கும் நடக்கும், அதனால் மூன்று மாதத்துக்குக் குறைந்த குட்டியை இனவிருத்திக்கு என்று வாங்கவே வாங்காதீர்கள்.

வெலிமடை_மாமா:
நீங்கள் நேர்மையாக விற்கிறீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் நீங்கள் குட்டி விற்ற ஒவ்வொரு ஆளும் ஆறேழு மாதத்தில் தானும் குட்டி விற்கத் தொடங்குகிறான், அதுவும் உங்களைவிடக் குறைந்த விலைக்கு. உங்கள் வாடிக்கையாளரே உங்கள் போட்டியாளர். இது எத்தனை நாளைக்கு?

பண்டாரவளை_வெள்ளை:
அதனால்தான் நான் நிறைய விற்பதில்லை. ஒரு ஈற்றில் ஏழு குட்டி என்றால் இனவிருத்திக்குத் தகுதியானது ஒன்று, அதிர்ஷ்டம் இருந்தால் இரண்டு. மீதி எல்லாம் கறிக்குப் போகிறது. எல்லாக் குட்டியையும் "பிரீடிங் ஸ்டொக்" என்று விற்கிறவன் கழிப்பதே இல்லை, கழிக்காதவனிடம் இனம் எங்கே இருக்கும்? இரண்டு ஈற்றைத் தொடர்ந்து கொன்ற தாயும் கறிக்குத்தான். கறி வாங்க ஆள் இல்லாமல் இனவிருத்தி செய்ய முடியாது என்பதில் நானும் மாமாவும் ஒரே கட்சி.

வெலிமடை_மாமா:
சரி, இதைக் கேட்கத்தான் இவ்வளவு நேரம் இழுத்தேன். தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று நிற்கிற ஆள் நீங்கள் இல்லை.

கொட்டகலைத்தம்பி:
அப்படியானால் கறி யார் வாங்குவார்கள்? எங்கள் வீட்டில் தங்கச்சி இப்போதே பெயர் வைக்கத் தயாராக இருக்கிறாள், வெட்டுகிறோம் என்றால் வீட்டில் அடுப்பே பற்றாது.

கம்பளை_நானா:
தம்பி, நான் வாங்குகிற பக்கத்து ஆள். சின்னச் சாப்பாட்டுக் கடை, கொறிக்கிற பைட் ஐட்டமாக முயல் போடுகிறேன். எனக்கு உயிரோடுதான் வேண்டும், நாங்களே அறுத்துக்கொள்வோம், அதனால் உங்கள் தங்கச்சிக்கும் பிரச்சினை இல்லை. என் பக்கத்துக் கஷ்டம் என்ன தெரியுமா, ஒரு வாரம் பத்து முயல் கொண்டு வருவான், அடுத்த மாதம் ஒன்று இல்லை. மெனுவில் போட்டுவிட்டு இல்லை என்று சொன்னால் ஆள் திரும்ப வரமாட்டான். எனக்கு வாரா வாரம் மூன்றோ நான்கோ ஒரே எடையில், 2 கிலோவுக்குக் கொஞ்சம் மேலே, மூன்று நாலு மாத வயதில் வந்தால் போதும். வயதான தாயைக் குட்டி விலைக்குத் தள்ளிவிடப் பார்க்கிறார்கள், அது வேக இரண்டு மடங்கு விறகு தின்னும். பௌர்ணமிப் போயா நாளில் அறுக்க முடியாது, அதைக் கணக்கு வைத்துக் கொண்டு வாருங்கள். ஏப்ரல் சீசனில் நுவரெலியா ஹோட்டல்கள் கேட்கும், ஆனால் சீசனை நம்பித் தாயைக் கூட்டினால் மே மாதம் முழுக்க நீங்கள்தான் தீன் போட வேண்டும்.

விலை என்னவென்று கேட்பீர்கள். ஆள் எப்போதும் கோழியோடு ஒப்பிட்டுத்தான் கேட்பான். கோழியைவிட எவ்வளவு கூடப் போகலாம் என்பது உங்கள் டவுனைப் பொறுத்தது.

காட்டு முயல் சாப்பிட்டுப் பழகியவர்கள் வந்து இது வெள்ளையாகக் கோழி மாதிரி இருக்கிறதே என்பார்கள். கூட்டு முயல் கறி அப்படித்தான். கொழுப்பு இல்லாததால் நேராகப் பொரித்தால் கட்டையாகிவிடும், மிளகும் இஞ்சியும் போட்டு மூடி வேக வைத்து அப்புறம் வறுக்க வேண்டும்.

நானுஓயா_லீக்ஸ்:
நானா, காட்டு முயலோடு சேர்த்தால் ருசியும் வரும், பலமும் வரும் என்கிறார்களே?

பேராதனை_மாணவன்:
சேராது அண்ணே. அது வேறு இனம், குட்டியே பிறக்காது. காட்டு முயலைப் பிடித்துக் கூட்டில் அடைத்தால் மிரண்டு மோதியே செத்துவிடும்.

கொடைக்கானல்காரன்:
கடலுக்கு இந்தப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். கொடைக்கானல் மலையில் மன்னவனூரில் மத்திய அரசின் செம்மறி ஆடு, கம்பளி ஆராய்ச்சி நிலையம் ஒன்று இருக்கிறது, அங்கே ஒயிட் ஜெயன்ட், சோவியத் சின்சில்லா எல்லாம் வைத்து ஆராய்ச்சி செய்கிறார்கள், விவசாயிகளுக்கும் கொடுக்கிறார்கள். மலையில் நன்றாக வருவதைச் சமவெளிக்குக் கொண்டுபோய் வெயிலில் இழந்தவர்கள் எங்கள் பக்கம் நிறைய. திரும்ப வாங்குகிறோம் என்று காசு பிடித்து ஓடியதும் எங்கள் ஊரில் நடந்திருக்கிறது. உங்களுக்கு மலை இருக்கிறது, அது பாதி வேலை.

பண்டாரவளை_வெள்ளை:
அங்கிருந்து ஒரு ஜோடியைப் பையில் போட்டுக்கொண்டு வரலாமா என்று யாரும் கேட்டுவிடாதீர்கள், இறக்குமதி அனுமதியும் தனிமைப்படுத்தலும் இல்லாமல் மிருகம் கொண்டு வருவது சட்டப்படி குற்றம்.

ராகலை_அக்கா:
ஒருத்தரும் புழுக்கையைப் பற்றிப் பேசவில்லையே. மாட்டுச் சாணம் மாதிரி மக்க வைக்கத் தேவையில்லை, நேரே பாத்திக்குப் போடலாம், செடி கருகாது. உரம் விலை ஏறிய காலத்தில் எங்கள் பக்கத்து லீக்ஸ்காரர்கள் மூட்டைக்குச் சொல்லிவைத்து வாங்கினார்கள். நான்கு முயலில் அது பெரிய காசு இல்லை, ஆனால் கறி விற்காத மாதத்திலும் புழுக்கை விழும்.

கொட்டகலைத்தம்பி:
யூனிட் வேண்டாம் என்று போனில் சொல்லிவிட்டேன், அதற்குப் பிறகு விலையைப் பாதியாகக் குறைத்து மூன்று தடவை எடுத்துவிட்டார்கள். 3 பெண், 1 ஆண் என்று முடிவு. நானா, குட்டி வந்ததும் உங்களைத் தொடர்புகொள்கிறேன். சேர்க்கிற விபரம் யாராவது ஒழுங்காகச் சொல்லுங்கள், வீடியோவில் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

பண்டாரவளை_வெள்ளை:
பெண்ணுக்கு ஐந்தரை, ஆறு மாதமும் 3 கிலோவும் வந்த பிறகு. ஆணுக்கு ஆறு மாதம். எப்போதும் பெண்ணை எடுத்து ஆணின் கூட்டில் விடுங்கள். ஆணைப் பெண்ணின் கூட்டுக்குக் கொண்டுபோனால், தன் இடத்துக்குள் வந்தவன் என்று அவள் கடித்துக் குதறுவாள், சில வேளை விதையைக் கடித்துவிடுவாள், உங்கள் ஒரே ஆண் அன்றோடு சரி. காலையிலோ மாலையிலோ விடுங்கள், விட்டுவிட்டு டீ குடிக்கப் போகாமல் நின்று பாருங்கள். ஏறிய ஆண் ஒரு சின்னச் சத்தத்தோடு பக்கவாட்டில் விழுந்தால் காரியம் முடிந்தது. முயலுக்கு மாடு மாதிரி பருவம் பார்த்துக் காத்திருக்க வேண்டியதில்லை, சேர்ந்த பிறகுதான், பத்துப் பன்னிரண்டு மணித்தியாலத்தில், கரு முட்டையே வெளிவரும். ஆனாலும் பெண்குறி வெளிறி இருந்தால் விடமாட்டாள், நல்ல சிவப்பாக இருக்கிற நாளில் விடுங்கள்.

12 நாளுக்கு மேல் 14 நாளுக்குள் அடிவயிற்றை மெதுவாகத் தடவினால் திராட்சை அளவில் உருண்டை உருண்டையாக விரலில் படும். புழுக்கையும் உருண்டைதான், ஆனால் அது கட்டியாக மேலே முதுகுப் பக்கம் இருக்கும். கை பழகும்வரை அழுத்தாதீர்கள். சில வேளை சினையே இல்லாமல் பதினாறு பதினேழாம் நாள் மயிர் பிடுங்கிக் கூடு கட்டும், அது பொய்ச் சினை, திரும்பச் சேருங்கள். உண்மையான சினை என்றால் 31ஆம் நாளை ஒட்டிக் குட்டி. 10, 12 நாளில் கண் திறக்கும். நம் குளிருக்கு ஐந்து ஆறு வாரத்தில் பால் பிரிப்பதுதான் நல்லது, பிரித்ததும் தீனை மாற்றாதீர்கள், தாய் தின்ற அதே தீனை இரண்டு வாரம் கொடுத்துவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள். மூன்று மாதத்தில் ஆண் பெண் பிரிக்காவிட்டால் நீங்கள் நினைக்காத சேர்க்கை நடக்கும். வருடத்துக்கு எட்டு ஈற்று எடுக்கலாம் என்று வீடியோவில் சொல்வார்கள். புல்லை நம்பி வளர்க்கிற வீட்டில் 4, மிஞ்சினால் 5. அதற்கு மேல் எடுத்தால் தாய் எலும்பாகிவிடும்.

ஹட்டன்_மச்சான்:
கூட்டுக்கு ஒரு விஷயம். கோழி வலையை நம்பாதீர்கள், நாய் ஒரு இழுப்பில் பிய்த்துவிடும். கீரி, மரநாய், எலி எல்லாம் குட்டிக்கு வரும். எலி சின்ன ஓட்டையில் வந்து பெட்டியோடு காலி செய்துவிட்டுப் போகும். நாய் கூட்டைத் தொடக்கூட வேண்டாம், இரவில் சுற்றிச் சுற்றிக் குரைத்தாலே தாய் மிரண்டு குட்டியை மிதித்துவிடும். உங்கள் தோட்டத்தில் சிறுத்தை நாய் தூக்குகிற கதை இருந்தால் கூட்டை வீட்டுச் சுவரோடு ஒட்டி வையுங்கள்.

கொட்டகலைத்தம்பி:
வலைக்கு என்ன அளவு அண்ணே? கடையில் பல கண் இருக்கிறது.

ஹட்டன்_மச்சான்:
தளத்துக்கு வெல்ட் பண்ணிய வலை, அரை அங்குலத்துக்கு ஒரு அங்குலக் கண். புழுக்கை விழும், குட்டிக் கால் மாட்டாது. பக்கத்துக்கு ஒரு அங்குலக் கண் போதும், குட்டி போடுகிற கூட்டில் மட்டும் கீழே நாலு அங்குலத்துக்கு அரை அங்குல வலை அடித்துவிடுங்கள். ஒரு தாய்க்கு இரண்டரை அடிக்கு இரண்டு அடி, உயரம் ஒன்றரை. தளத்தில் ஒரு மூலையில் சின்னப் பலகை ஒன்று போடுங்கள், எப்போதும் கம்பி மேலேயே நின்றால் பாதம் புண்ணாகும். கம்பி முனை எல்லாம் வெளிப்பக்கம் மடக்குங்கள்.

பண்டாரவளை_வெள்ளை:
தம்பி, பெண் மூன்றும் என்னிடம் தரலாம், வெவ்வேறு தாய். ஆண் என்னிடம் கேட்காதீர்கள், எல்லாம் சொந்தக்காரர். ராகலை அக்காவிடம் கேளுங்கள். பஸ்ஸில் கொண்டு போவதென்றால் ஒன்றுக்கு ஒரு காற்றோட்டமான பெட்டி, வெயில் ஏறுவதற்கு முன் காலை பஸ், வழியில் தீன் வேண்டாம், கொஞ்சம் புல் போதும். நான் போடுகிற தீன் இரண்டு கிலோ கட்டித் தருகிறேன், உங்கள் தீனோடு கலந்து மாற்றுங்கள்.

ராகலை_அக்கா:
ஆண் ஒன்று இருக்கிறது, எட்டு மாதம், அட்டையோடு தருகிறேன். ஆனால் கூடு கட்டி முடித்துப் படம் போட்ட பிறகுதான் தருவேன். தங்கச்சி பெயர் வைப்பதென்றால் தாய்க்கும் ஆணுக்கும் மட்டும் வைக்கச் சொல்லுங்கள்.